கொழுந்து மாடியில் தொங்கிய கருவாடு

டீமேக்கர் ஐயா என் புருஷனின் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை நேரம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதற்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, அந்த ஸ்டோர் வாசலில் ஆம்பளை, பொம்பளை எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு கையிலும் மூக்கை வைத்து ஒரு இழுப்பு. பிறகு தலையில் ஒரு இழுப்பு. ஒருத்தன் என்ன எண்ணெய் வைத்திருந்தானோ, அவன் தலையில் மூக்கை வைத்ததும் ஐயா தும்மினார்.

"தேயிலையில ஒரு நாத்தம் வருது," என்றார். "ஆர் செய்த வேலை எண்டு கண்டுபிடிச்சனெண்டால், அவனுக்கு இண்டைக்கே பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்றால் வேலையை விட்டு நிறுத்தும் சீட்டு. வேலை போனால் தோட்டம் தந்த ஒற்றை அறை வீடான லயத்துக் காம்பராவும் போகும். புருஷன், பெஞ்சாதி, பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் ரோட்டில்தான். அதனால் யாரும் சிரிக்கவில்லை.

நான் பொம்பளைகள் வரிசையில் நின்றேன். அப்போது எனக்கு ஸ்டோரில் தேயிலைக் குச்சி பொறுக்கும் வேலை. தலையை நீட்டி என் புருஷனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதர் ஏதாவது வேண்டாத வேலை செய்துவிட்டால் கூரையைத்தான் பார்ப்பார். கல்யாணம் ஆன மறுமாதமே எனக்கு இது தெரியும்.

என் பஞ்ச மூட்டை எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது.

பஞ்ச மூட்டை

போன வாரம் நான் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாத்தியார் என் மகனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்: தோட்டத்து மக்கள் பொறுமைசாலிகள், அதை எழுதச் சொல்லுங்கள் என்று. எங்கள் வீட்டில் பொறுமை ஒரு நாளும் இருந்ததில்லை. இருந்திருந்தால் பட்டினியாகச் செத்திருப்போம்.

வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தோட்டத்துத் துரைக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலிருக்கிறது. பங்களாவிலேயே இருந்தார். எலெக்ஷனில் எங்களுக்கு இருந்த ஓட்டையும் பிடுங்கிவிட்டார்கள். மழை வந்தால் ரோட்டையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

அதற்கு முந்தின வருஷ மழையில் அப்படித்தான் போனது. வட்டகொடைப் பக்கம் மண் சரிந்து ரயிலும் இல்லை, கீழே பாலம் உடைந்து லொறியும் இல்லை. தோட்டத்தில் அரிசி போடுகிற நாள் வந்தது, அரிசி வரவில்லை. மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து, "ரோடு இல்ல, பொறுத்துக்கங்க" என்றார். ஆனால் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்க மட்டும் பாதை நன்றாக இருக்கிறதாம். போகச் சொன்னார். போனோம்.

கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து உப்புப் போட்டுக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பெரியவன், "அம்மா, இது கோயில்ல நோட்டீஸ் ஒட்டுற பசைதானே" என்று கேட்டான். அடித்தேன். அடித்த பிறகு சட்டியில் பார்த்தால், அவன் சொன்னது சரிதான். அதே வாரத்தில் துரை பங்களா நாய்க்கு டின் மீன் உடைத்தார்கள். டின்னைத் தேய்த்துக் கழுவியவளே வந்து சொன்னாள்.

மழை விட்டதும் முடிவு செய்தேன். அடுத்த முறை ரோடு போனால் என் பிள்ளைகள் பசை குடிக்கக் கூடாது. ஒரு மூட்டை சேர்த்து வைக்க வேண்டும்.

என் புருஷனிடம் சொன்னேன். அவர் பெயர் கருப்பையா. அவர் இருந்தவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன், வந்து கேட்கட்டும்.

"பஞ்சத்த வெத்தல பாக்கு வச்சில்ல கூப்புடுற நீ," என்றார்.

"கூப்புடாமத்தான் இந்த மழைக்கு வந்துச்சா?"

"இருக்கிறத திங்கவே பத்தல. இதுல மூட்ட கட்டுறாளாம்."

"உங்க கள்ளுத்தண்ணிய கொறச்சா ரெண்டு மூட்ட கட்டலாம்."

பக்கத்துக் காம்பராவிலிருந்து செல்லாயி பேசினாள். லயத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் பதில் வரும்.

"ராக்கு, மூட்டயில கருவாடு வைப்பியா?"

"உன்னய யாரும் கேக்கல."

"வச்சா எனக்கும் சொல்லு."

சேர்த்த விதம்

காசு இல்லாமல் எப்படிச் சேர்ப்பது? ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் திரும்ப எடுத்தேன். கஞ்சி கொஞ்சம் தண்ணியாகும். வீட்டில் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் யாரும் சாவதில்லை.

லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போட்டிருந்தேன். கிழங்கை மெல்லிசாகச் சீவிக் காயவைத்தேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் என் அண்ணன் இருந்தான். அங்கே பலா நன்றாகக் காய்க்கும். அவன் பலாச்சுளையைச் சீவிக் காயவைத்து ஒரு பொட்டலம் அனுப்பினான். கூடவே அவனுக்கு ஒரு கம்பளி வேண்டும் என்றும் சொல்லியனுப்பினான். பலாவை வாங்கிக்கொண்டேன். கம்பளி சேதி என் காதில் விழவில்லை.

கருவாடு வாங்கத் தலவாக்கொல்லைக் கடைக்குப் போனேன். முழுக் கருவாட்டின் பக்கம் நான் பார்ப்பதே இல்லை. சாக்கின் அடியில் உடைசல் கிடக்கும். சுறா உடைசல். மலிவு, நாலு வீட்டுக்கு மணக்கும், ஒரு துண்டு போட்டால் ஒரு சட்டிச் சோறு இறங்கும். முதலாளி நிறுத்துக்கொண்டே, "பூனைக்கா?" என்று கேட்டான். "இல்ல, புருசனுக்கு" என்றேன்.

இந்த வாரப் பத்திரிகையில் எங்கோ படித்தேன், வீட்டில் எப்போதும் உணவு இருப்பு வைத்திருக்க வேண்டுமாம், காற்றுப் புகாத கண்ணாடிச் சாடிகளில் வைக்க வேண்டுமாம். எழுதியவர் எங்கள் காம்பராவில் ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கட்டும். சுவரில் தண்ணீர் வழியும். உப்பு ஓடிப்போகும். நான் சீவிய மரவள்ளிக்குப் பச்சையாக மயிர் முளைத்தது. மாவில் வண்டு. அரிசியில் புழு. மிச்சம் இருந்ததை எலி பார்த்துக்கொண்டது. அந்த எலிகள் என் பிள்ளைகளைவிடக் கொழுகொழு என்று இருந்தன. துடைத்தேன், அடுப்புக்கு மேலே கட்டினேன், மறுபடி காயவைத்தேன், வெயில் வரவில்லை. கடைசியில் உட்கார்ந்து கத்தினேன்.

அப்போதுதான் என் புருஷன், "குடு, நான் ஒரு காஞ்ச எடத்துல வைக்கிறேன்" என்றார்.

"எங்க?"

"காஞ்ச எடம். வெவரம் கேக்காத."

மூட்டையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு போனார். சில நாளில் மாதிரிக்கு இரண்டு மரவள்ளிச் சீவலை விரலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். சலசல என்று இருந்தது. எனக்குச் சந்தோஷம். கேள்வி கேட்காமல் விட்டேன். இந்த மனிதருக்கு மூளை வந்துவிட்டது என்று நான் நம்பிய ஒரே மாதம் அதுதான்.

காய்ந்த இடம்

என் புருஷனுக்கு ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி விடுவார்கள். அடியில் உள்ள அடுப்பிலிருந்து சூட்டுக் காற்றை மேலே ஊதி விடுவார்கள். கொழுந்து துவண்டு வரும். தோட்டம் முழுக்க நனைந்து கிடந்தாலும் அந்த மாடி மட்டும் இராமநாதபுரம் மாதிரி காய்ந்து கிடக்கும்.

என் மூட்டையை அவர் அங்கே, சூட்டுக்காற்று வருகிற வாய்க்கு நேர் மேலே, கூரைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். இது எங்கள் தோட்டத்துப் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டோருக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது, சந்தனம் கூடாது, வெங்காயம் கூடாது. சுருட்டுப் பிடித்தவன் வாசலில் நின்று வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் சுறாக் கருவாட்டைக் கட்டி, அதன்மேல் சூட்டுக்காற்றையும் அடித்து, அத்தனை கொழுந்துக்கும் ஊதிவிட்டிருக்கிறார்.

பிறகு கேட்டபோது, "ரெண்டு துணி சுத்தித்தானே கட்டினேன்" என்றார்.

டீமேக்கர் ஐயா காலையில் வெள்ளைக் கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றி, கரண்டியால் உறிஞ்சி, துப்பி, ருசி பார்ப்பார். அன்றைக்கு ஒரு கோப்பையில் உறிஞ்சியவர் துப்ப மறந்து நின்றாராம். கோப்பை கழுவுவது செல்லாயி. மிச்சத்தை அவள் வாயில் விட்டுப் பார்த்திருக்கிறாள். வரிசையில் வந்து என் காதில் சொன்னாள்.

"அடியே, தேத்தண்ணியில சுறா நீந்துது."

"வாய மூடு."

"இந்த மாசம் சுறா வாங்கினவ நீ ஒருத்திதான்."

முகர்ந்த கதை

எல்லார் கையிலும் கருவாட்டு மணம் இருந்தது. சம்பளம் போட்ட வாரம். விடிகாலையில் ரொட்டிக்கு நெத்தலி சுட்டுத் தின்றுவிட்டுத்தான் எல்லாரும் வந்திருந்தோம். ஐயாவோ யாழ்ப்பாணத்துச் சைவர். பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. எது கருவாட்டு மணம் என்று அவருக்குத் தெரியாது.

கடைசிக் கையையும் முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாருக்கும் ஒரே மணமாய்க் கிடக்குது. இது உங்கட ஆக்களின்ர வழமையான மணம். நான் தேடுறது வேற."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வழமையான மணமாம். சொல்லியிருப்பேன். சொன்னால் காம்பரா போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஐயா, "செத்த எலியாய்த்தான் இருக்கவேணும்" என்றார். "கருப்பையா, மாடி உன்ர பொறுப்பு. நாளைக்குள்ள அந்த எலியைக் கொண்டு வா."

"சரிங்க ஐயா," என்றார் என் புருஷன், கூரையைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்கு முழுக்க அவர் தன் மூட்டைக்கு அடியில் நின்று இல்லாத எலியைத் தேடினார். சாயந்தரம் வீட்டுக்கு வந்து எலி பிடிக்க உட்கார்ந்தோம். ஒன்று கூட இல்லை. தின்ன எதுவும் இல்லாத வீட்டில் எலி எதற்கு இருக்கப் போகிறது? என் மூட்டை போன பின்னாலேயே அவையும் குடிபெயர்ந்துவிட்டன.

"என் காம்பராவுல இருக்கு," என்றாள் செல்லாயி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"ஒண்ணு குடேன்."

"மூட்டயில பங்கு?"

"அடிப்பாவி, எலிக்குப் பங்கு கேக்குறியா?"

"வேணான்னா போ. நாளைக்கி ரோட்டுல படுத்துக்க."

பங்கு கொடுத்தேன். நல்ல எலியாகவே கொடுத்தாள். மறுநாள் காலையில் என் புருஷன் அதைச் சோற்றுத் தூக்கில் வைத்துக் கொண்டுபோய், மாடி மூலையில் போட்டு, தானே கண்டுபிடித்துக் கத்தினார். மூட்டையைச் சூட்டுக்காற்றிலிருந்து அவிழ்த்து, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் சுற்றி, தட்டு எதுவும் இல்லாத கூரை மூலையில் சொருகினார். நாற்றம் நின்றது.

ஐயாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் மூக்கால் எலியைக் கண்டுபிடித்ததாகத் துரையிடம் போய்ச் சொன்னார். துரை முதுகில் தட்டினாராம். நாறிய தேயிலை கொழும்புக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டது. சீமையில் எந்த அம்மா அதைக் குடித்துவிட்டு மீன் எங்கே என்று தேடினாளோ.

உள்ளே போகும், வெளியே வராது

மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அப்போதுதான் அடுத்த முட்டாள்தனம் தெரிந்தது. ஸ்டோருக்குள் போகிறவர்களை யாரும் தடவிப் பார்ப்பதில்லை. வெளியே வருகிறவர்களை வாசலில் காவல் நிற்கும் வாச்சர் தலைப்பாகைவரை அவிழ்த்துப் பார்ப்பான், தேயிலை திருடியிருப்பார்களோ என்று.

ஒரு தடவை என் புருஷன் கன்னம் நிறைய மரவள்ளிச் சீவலை அடக்கிக்கொண்டு வந்தார். வாச்சர், "என்னாண்ணே, பல்லு வலியா?" என்று கேட்டான். இவர் தலையாட்டினார். "எந்தப் பக்கம்?" என்றான். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் விழுங்கினார். வீட்டுக்கு வந்து விக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு வந்த பங்கு அந்த விக்கல்தான்.

இதற்குள் மழை பிடித்தது. மறுபடி பாலம் போனது. ரயிலும் நின்றுவிட்டது என்றார்கள். அரிசி போடுகிற நாள் வந்தது, அரிசி வரவில்லை. கண்டாக்கு ஐயா வந்து பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

இருந்ததை இரண்டு நாள் இழுத்தேன். பிறகு மாவு டின்னைத் தட்டினேன். பெரியவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "பசையா?" என்றான். இந்தத் தடவை அடிக்கக் கை வரவில்லை. ஒரு வருஷம் பிடிப்பிடியாக என் வாயிலிருந்து எடுத்துச் சேர்த்த சோறு கூப்பிடு தூரத்தில் ஈயத்தாளுக்குள் தூங்குகிறது. என் பிள்ளைகள் பசை குடிக்க வேண்டுமா?

"நான் டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லப் போறேன்," என்றேன்.

"பத்துச்சீட்டு குடுத்துருவாரு புள்ள."

"குடுக்கட்டும். வயித்த நெரப்பிக்கிட்டு ரோட்டுல நிப்போம்."

ஐயாவின் குவாட்டர்ஸ் ஸ்டோருக்கு மேலே. பெஞ்சாதி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில், இவர் இங்கே தனியாள். பின்கதவைத் தட்டினேன். திறந்தவர் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். கையில் ஒடியல் துண்டு. அவிக்காத பனங்கிழங்கைக் காயவைத்தது, கல்லு மாதிரி இருக்கும். அவருக்கும் அந்த லொறியில்தான் அரிசி வர வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன?" என்றார்.

"ஐயா, அன்னைக்கி நாறினது எலி இல்லிங்க. கருவாடு. என் கருவாடு. இன்னும் மேலதான் இருக்கு."

மெல்லுவது நின்றது. முகம் சிவந்தது.

"கருவாடோ? என்ர ஸ்டோருக்குள்ளயோ? உன்னையும் உன்ர புருசனையும்..."

"அதோட அரிசி இருக்குங்க. மரவள்ளிச் சீவலு இருக்கு. காஞ்ச பலா இருக்கு. சீட்டு குடுக்கிறதுன்னா குடுங்க. ஆனா தொரைகிட்ட எலின்னு சொன்னது நீங்க. அதையும் நீங்கதான் மாத்திச் சொல்லணும்."

மழை ஓட்டில் கொட்டியது. அவர் வயிறு கத்தியது. எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது அவருக்கும் தெரிந்தது.

"பலா," என்றார். "நல்லாய்க் காஞ்சதோ?"

"முறுமுறுன்னு இருக்குங்க."

ஐயா சுமந்தார்

வாச்சர் சோதனை போடாத ஆள் ஸ்டோரில் ஒருவர்தான். ஐயா தன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார். இறங்கும்போது ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி இருந்தார். வாச்சர் சலாம் வைத்தான். ஐயாவால் பதில் சொல்ல முடியவில்லை, மூச்சைப் பிடித்திருந்தார். ஸ்டோர் தாண்டித் தேயிலைக் கரைக்கு வந்ததும் ஒரு பக்கமாகக் குனிந்து ஓங்கரித்தார். ஒரு பாட்டம் ஓங்கரித்துவிட்டு மறுபடி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை இப்படி. பின்னால் நடந்த எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சறுக்கி விழுந்தால் என் அரிசி போச்சே என்ற பயம்.

லயத்தில் அவிழ்த்தேன். அரிசியைக் கழுவிப் போட்டேன், பலாவைத் தனியாக அவித்தேன், சுறாவைச் சுட்டேன். மணம் சுவர்களுக்கு மேலே போய் லயம் முழுக்க இறங்கியது. முதலில் செல்லாயி தட்டோடு வந்தாள், எலிப் பங்குக்கு. பின்னால் மற்ற காம்பராக்கள் வந்தன. அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. சும்மா வந்து நின்றார்கள். பிள்ளைகளை முன்னால் நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? திட்டிக்கொண்டே போட்டேன்.

ஐயா இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, பலாவும் மரவள்ளியும் தின்றார். எத்தனை நாள் கருவாட்டோடு கிடந்த பலா. அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை கேட்டார்.

என் பெரியவன் தட்டை வழித்துவிட்டு அப்படியே சாய்ந்து தூங்கினான். சின்னவள் வாயில் சோறோடு தூங்கினாள். ஒரு வருஷ மூட்டை ஒரு பொழுதில் காலி. மறுநாள் மத்தியானம் லொறி வந்தது. "ஒரு நாள் பொறுத்திருந்தா மூட்ட மிஞ்சியிருக்கும்" என்றார் என் புருஷன். அவருக்கு அன்றைக்கு நான் சோறு போடவில்லை.

புது அரிசியில் முதல் உலை வைத்ததும் ஒரு பிடியைத் திரும்ப எடுத்தேன். எடுத்துக்கொண்டு நேரே ஐயாவின் குவாட்டர்ஸுக்குப் போனேன். அங்கே அடுப்பங்கரையில் புகைக்கூண்டு இருக்கிறது. நல்ல காய்ந்த இடம்.

"வைக்கலாம்," என்றார். "எனக்கும் ஒரு பங்கு வேணும். ஆனால் கருவாடு இந்த வாசல் மிதிக்கப்படாது."

"கருவாடு இல்லாட்டி மூட்ட இல்லிங்க ஐயா."

"அப்ப வெளியில, புகைக்கூண்டுச் சுவரில தொங்கவிடு. அங்கயும் சூடாய்த்தான் இருக்கும்."

"மழ நனைச்சிருமே."

என்னை முறைத்தார். பிறகு உள்ளே போய்த் தன் பெரிய கறுப்புக் குடையை எடுத்து வந்தார். அதை விரித்து, சுவரில் ஒரு ஆணி அடித்து, என் சுறா உடைசலுக்கு மேலே கட்டிவிட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க டீமேக்கர் ஐயா நனைந்துகொண்டுதான் ஸ்டோருக்குப் போய் வந்தார். கருவாடு நனையவில்லை.